பேனா யார் கையில் இருக்கிறது?



அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் நேரத்தில் நம் தெருக்களைச் சற்று நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகாத பிள்ளைகள், சீருடையை மாற்றியும் மாற்றாமலும், மறுபடியும் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது அவர்கள் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் அமர்ந்து, புரியாத விடைகளை உரத்த குரலில் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகுதான் வீடு, சோறு, தூக்கம். டியூஷனுக்கு இடைஞ்சல் என்று மக்தபை நிறுத்தினோம். விளையாட்டை நிறுத்தினோம். உம்மா வாப்பாவோடு உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தையும் நிறுத்திவிட்டோம். இத்தனையையும் விலையாகக் கொடுத்து நாம் வாங்கியது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என் சகோதரியின் மகன் எட்டாம் வகுப்பு மாணவன். அவன் வாப்பா வளைகுடாவில் இருப்பதால் டியூஷன் ஆசிரியரைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஊரில் எவருடைய மாடியில் கூட்டம் அதிகமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகள் கடந்தன. மாதத் தேர்வுகளில் தொண்ணூறுக்குக் குறையாத மதிப்பெண். குடும்பமே மகிழ்ந்தது. ஒரு நாள் இரவு, பேச்சுவாக்கில், அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். சற்றும் தயங்காமல் ஐந்தில் இரண்டு என்று எழுதினான். மேலே உள்ள எண்களைக் கூட்டி மேலேயும், கீழே உள்ள எண்களைக் கூட்டிக் கீழேயும் போட்டிருந்தான்.

"அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் ரொட்டியைச் சேர்த்தால், அது அரை ரொட்டியைவிடக் குறைந்துவிடுமா, வாப்பா?" என்று கேட்டேன். சிரித்தான். பிறகு தாளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்கு வரப்போகும் கணக்கை இன்றைக்கே போட்டுக் கொடுத்துவிடுவார் மாமா, அதைத்தான் எழுதுவோம்" என்றான். அவன் கண்களில் நீர் நின்றது. இரண்டு ஆண்டுகளாக ஏமாற்றப்பட்டவன் அவன். அந்த ஏமாற்றத்தைத் தேடிப்பிடித்துக் கட்டணமும் கட்டியவன் நான்.

இது ஒரு வீட்டின் கதை அன்று. தனிப்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கும் கேள்விகளே தவறானவை. தவறான கேள்விகளுக்குத் தவறான ஆசிரியரே விடையாக வருவார்.

நாம் கேட்கும் கேள்விகள்

"அவரிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள்?" என்பது முதல் கேள்வி. எண்ணிக்கை கூடக்கூட நம் நம்பிக்கையும் கூடுகிறது. உண்மையோ இதற்கு நேர் எதிரானது. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தனித்துக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர் வழக்கமான வகுப்பின் நூறு பேரில் 98 பேரை விஞ்சினார் என்று எழுதினார். பின்வந்த ஆய்வாளர்கள் அவ்வளவு பெரிய பயனைக் காணவில்லை என்றாலும், பயன் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. அந்தப் பயன் எங்கிருந்து வருகிறது? பிள்ளை தவறு செய்த கணமே ஆசிரியர் அதைக் காண்கிறார். அதைத் திருத்தாமல் அடுத்த பாடத்துக்கு நகர்வதில்லை. நாற்பது பேரை ஒரே கூடத்தில் அடைத்து வைத்தவரால் இது இயலுமா? அது தனிப்பயிற்சி அன்று. காலையில் பள்ளியில் நடந்த அதே வகுப்பு, காற்றோட்டம் குறைந்த இடத்தில் மறுபடியும் நடக்கிறது, அவ்வளவுதான்.

"பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கும் அதே ஆசிரியரிடம் அனுப்பலாமா?" என்பது இரண்டாவது கேள்வி. இதன் உட்பொருளை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. வினாத்தாள் அவர் கையால் வரும். செய்முறை மதிப்பெண்ணும் அவர் கையில்தான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 28ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடலாகாது என்று தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். காலையில் வகுப்பில் சொல்ல வேண்டியதை மாலைக்கென ஒதுக்கி வைப்பவருக்கு நாம் கொடுப்பது கல்விக் கட்டணமா, கையூட்டா? ஹலாலான உணவைத் தேடி இறைச்சிக் கடையில் அத்தனை விசாரணை செய்யும் நாம், பிள்ளையின் மதிப்பெண் எவ்வழியில் வருகிறது என்று விசாரிக்காதது ஏன்?

"கண்டிப்பானவரா?" என்பது மூன்றாவது. "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பதைப் பெருமையாகக் கருதும் வாப்பாக்கள் இன்றும் இருக்கிறார்கள். 1406இல் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதைப் பற்றி விரிவாக எச்சரித்திருக்கிறார். கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை ஊக்கம் இழந்து, அடிக்கு அஞ்சிப் பொய்யும் சூதும் பழகிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர் கண்டறிந்ததை நாம் இன்னும் கற்கவில்லை. அடிக்கும் ஆசிரியரிடம் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது, தனக்குப் புரியவில்லை என்பதை மறைக்கத்தான்.

நல்ல ஆசிரியரை அறிவது எப்படி?

முதல் அடையாளம்: அவர் பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளையைப் படிப்பார். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் தடுமாறும் மாணவனின் நோய், பெரும்பாலும் எட்டாம் வகுப்பில் இருப்பதில்லை. ஐந்தாம் வகுப்பின் பின்னத்திலோ, நான்காம் வகுப்பின் வகுத்தலிலோ, அதற்கும் முன்னால் இடமதிப்பிலோ இருக்கும். நல்ல ஆசிரியர் அங்கே இறங்கிச் செல்ல வெட்கப்படமாட்டார்; "இது தெரியாதா?" என்று பிள்ளையையும் வெட்கப்படுத்தமாட்டார். மாணவனின் அறிவு எட்டும் அளவறிந்து கற்பிப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் வைத்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறப்பவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைத்தான் பார்க்கிறார்.

இரண்டாம் அடையாளம்: பேனா பிள்ளையின் கையில் இருக்கும். ஒரு மணி நேர வகுப்பில் யார் அதிகம் பேசினார்கள், யார் அதிகம் எழுதினார்கள் என்று பாருங்கள். ஆசிரியர் எழுதிக்காட்டப் பிள்ளை பார்த்து எழுதினால், பயிற்சி பெற்றவர் ஆசிரியரே. தவறான விடையைக் கண்டதும் சிவப்பு மையால் அடித்துச் சரியான விடையை எழுதிவிடுவது எளிது. "இந்த விடைக்கு எப்படி வந்தாய்?" என்று கேட்டுக் காத்திருப்பது கடினம். என் மருமகனிடம் இரண்டு ஆண்டுகளில் ஒரு முறையேனும் எவரேனும் அப்படிக் கேட்டிருந்தால், ஐந்தில் இரண்டு என்னும் அந்தத் தவறு ஒரே மாலையில் தீர்ந்திருக்கும்.

மூன்றாம் அடையாளம்: "தெரியாது" என்று சொல்லும் துணிவு. இமாம் மாலிக் அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகள் பலவற்றுக்குத் தயக்கமின்றித் "தெரியாது" என்று விடையளித்தவர்கள் என்பது பெயர்பெற்ற செய்தி. "நாளை பார்த்து வந்து சொல்கிறேன்" என்னும் ஆசிரியர், அறிவைத் தேடுவது எப்படி என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார். எதைக் கேட்டாலும் அதட்டி அமர்த்துபவர் தம் அறியாமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார்.

நான்காம் அடையாளம்: அவர் பள்ளி ஆசிரியரைப் பிள்ளையின் முன் இழித்துப் பேசமாட்டார். பிறர் கற்பிக்கும் கலையை மாணவன் முன் தாழ்த்திப் பேசலாகாது என்பதும் இமாம் கஸ்ஸாலி கூறும் கடமைகளுள் ஒன்று. "உங்கள் பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று நாள்தோறும் கேட்பவர், பகல் ஆறு மணி நேரத்தையும் பிள்ளையின் மனத்தில் வீணாக்கிவிடுகிறார்.

ஐந்தாம் அடையாளம்: அமானிதம். பிள்ளை அவரிடம் நாம் ஒப்படைத்த அமானிதம். கதவு திறந்திருக்கும் கூடம், வீட்டார் எந்நேரமும் வந்து போகக்கூடிய இடம், அலைபேசியில் பிள்ளையோடு இரகசிய உரையாடல் இல்லாமை ஆகியவற்றை நாம் கேட்குமுன் அவரே ஏற்படுத்தியிருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒரு நாளும் விடாதீர்கள். மஃரிபுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குவதும் இதில் அடங்கும். அவர் எந்தச் சமயத்தவராயினும், கேட்டால் நல்ல ஆசிரியர் மறுப்பதில்லை என்பது என் அனுபவம்.

ஆறாம் அடையாளம் இவை அனைத்திலும் மேலானது: அவர் தம்மைத் தேவையற்றவராக ஆக்கிக்கொள்ளப் பாடுபடுவார். இதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களுள், ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்ற எழுத்தறிவுடையோர், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெறலாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. நேற்றுவரை வாளேந்தி எதிர்த்தவரிடமும் கல்வி ஏற்கப்பட்டது. ஆகவே ஆசிரியரைத் திறமையும் நேர்மையும் கொண்டு தேடுங்கள், நம்மவரா என்று தேடாதீர்கள். அடுத்தது, அந்தக் கைதிகளின் பணி எத்தனை மாதம் என்று அளக்கப்படவில்லை. பிள்ளைகள் கற்றார்களா என்றே அளக்கப்பட்டது. பிள்ளை கற்ற அன்று ஆசிரியருக்கு விடுதலை. நம் டியூஷனோ ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டு வரை முடிவதே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கைத்தடி கொடுத்தவர் நடக்கக் கற்றுக்கொடுக்கவில்லை.

சொல்லப்படும் சமாதானங்கள்

"பள்ளியில் சரியாக நடத்துவதில்லை, வேறு என்ன செய்வது?" என்பார்கள். சில பள்ளிகளில் அது உண்மையே. அப்படியாயின் பெற்றோர் கூட்டத்துக்குச் சென்று கேட்பது முதல் கடமை. ஆண்டுக் கட்டணம் கட்டும் நாளைத் தவிர வேறெந்த நாளிலும் பள்ளி வாசலை மிதிக்காமல், குறையை மட்டும் திண்ணையில் பேசிப் பயனில்லை.

"நாங்கள் படிக்காதவர்கள், ஆசிரியரை எப்படி மதிப்பிடுவது?" என்று உம்மாக்கள் கேட்கிறார்கள். அன்புச் சகோதரியே, உங்களால் முடியும். அதற்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் பிள்ளையை அழைத்து, "இன்றைக்குப் படித்ததை எனக்குப் புரியும்படி சொல்லு" என்று கேளுங்கள். அவன் தன் சொந்தச் சொற்களில் விளக்கினால் ஆசிரியர் கற்பித்திருக்கிறார். மூச்சு விடாமல் ஒப்பித்தாலோ, "உங்களுக்குப் புரியாது" என்று ஓடினாலோ, அவனுக்கே புரியவில்லை. நோட்டுப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். அடித்தலும் திருத்தலும் கொண்ட பக்கங்கள் இருந்தால் மகிழுங்கள். அங்கே ஒரு மூளை உழைத்திருக்கிறது. ஒரு பிழையும் இல்லாத அழகிய நோட்டுப் புத்தகம்தான் அஞ்சத்தக்கது.

"பெண்பிள்ளைக்குத் தகுந்த ஆசிரியை கிடைக்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டோம்" என்பது மூன்றாவது சமாதானம். பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்ற மருமகள்கள் எத்தனை பேர் நம் மஹல்லாவின் வீடுகளுக்குள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் தம் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கற்பித்தார்கள். அதை நம் தெருவில் நாமே செய்ய எது தடை? மத்ரஸாக் கூடம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. கூடத்தை ஜமாஅத் திறந்துவிடட்டும். ஒரு வகுப்புக்கு ஐந்தாறு பேர், நியாயமான ஊதியம், இயலாதவர்களுக்கு பைத்துல்மாலின் உதவி. திருமண விருந்தில் ஒரு வேளைக்கு நாம் கொட்டும் பணத்தில் இது பல மாதம் நடக்கும்.

ஊதியத்தைப் பற்றியும் ஒரு சொல். நல்ல ஆசிரியரை எதிர்பார்க்கும் நாம் நல்ல பெற்றோராக இருக்கிறோமா? துணிக்கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஆசிரியரிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். மூன்று மாதம் பாக்கி வைத்துவிட்டு வேறிடத்துக்குப் பிள்ளையை மாற்றுகிறோம். உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்கிறோம். அது கடன்; மறுமையில் கேட்கப்படும்.

என் மருமகன் இப்போது வேறோர் ஆசிரியையிடம் செல்கிறான். வாரத்தில் மூன்று நாள், நான்கே பிள்ளைகள். முதல் மாதம் முழுவதும் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பள்ளித் தேர்வில் மதிப்பெண் அறுபதுக்கு இறங்கியது. என் சகோதரி கலங்கினாள். ஆனால் அந்த அறுபதும் அவனுடையது, இரவல் அன்று. சென்ற வாரம் தன் தங்கைக்கு ரொட்டியைப் பிய்த்துப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். "இந்த ஆண்டோடு இவனுக்கு நான் தேவைப்படமாட்டேன்" என்றார் அந்த ஆசிரியை. டியூஷன் ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

சகோதரர்களே, இன்று இரவே உங்கள் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பது யாருடைய அறிவு என்று கேளுங்கள். பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கும், அதை நேர்மையோடு கற்பிப்போருக்கு நற்கூலியையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.