ஆஞ்சியோ அறை டெக்னாலஜிஸ்ட்டுக்கு லைசென்ஸ் தருவது யார்?

ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளும் உறவினருக்காக மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். உள்ளே டாக்டர் கதீட்டரைச் செலுத்தும்போது, ரத்த அழுத்த அலைகளையும் ஈசிஜியையும் மானிட்டரில் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு இன்னொருவர் நிற்பார். அழுத்தம் சட்டென்று சரிந்தாலோ, இதயத்துடிப்பு தாளம் தப்பினாலோ, முதலில் குரல் கொடுக்க வேண்டியவர் அவர்தான். படிப்பின்படி அவர் கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிஸ்ட். பேச்சு வழக்கில் கேத் லேப் டெக்னீஷியன்.

டாக்டரின் பெயரை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். நர்ஸுக்கு 1947-ம் ஆண்டுச் சட்டமும், மருந்தாளுநருக்கு 1948-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இந்த டெக்னாலஜிஸ்ட்டுக்கு மட்டும் 2021 வரை தேசிய அளவில் எந்தச் சட்டமும் கிடையாது. சில மாநிலங்கள் சொந்தமாக பாராமெடிக்கல் கவுன்சில் வைத்திருந்தன, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேத் லேபில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அங்கே வேலை செய்பவர் சட்டையில் டிஎல்டி பேட்ஜ் குத்திக்கொள்வார். அவர் உடலில் பட்ட கதிர்வீச்சு எவ்வளவு என்று அந்த பேட்ஜை வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்தக் கணக்கைச் சேமித்து வைக்க தேசியப் பதிவகமே இருக்கிறது. அதாவது, இயந்திரத்துக்கு லைசென்ஸ் உண்டு, இவர் வாங்கிய கதிர்வீச்சுக்கும் கணக்கு உண்டு. இவர் என்ன படித்தார், இந்த வேலைக்குத் தகுதியானவரா என்பதற்கு மட்டும் நாடு தழுவிய பதிவேடு இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

2021 சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் அந்த ஆண்டு மே மாதம் அமலுக்கு வந்தது. இது தொழில்களைப் 10 பிரிவுகளாக அங்கீகரிக்கிறது. கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிஸ்ட், ஈசிஜி மற்றும் எக்கோ டெக்னாலஜிஸ்ட், பைபாஸ் அறுவை சிகிச்சையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். மத்தியில் ஓர் ஆணையம், மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், இரண்டு இடத்திலும் பதிவேடு என்பது ஏற்பாடு. பதிவு இல்லாமலே பதிவு பெற்றவர் என்று சொல்லிக்கொண்டால், முதல் முறை ரூ.50,000 வரை அபராதம்.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. நடந்தது வேறு. சட்டத்தைச் செயல்படுத்தக் கோரி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 12 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் அமர்வு அதை விசாரித்தது. அதுவரை 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருந்தன, அவையும் செயல்படுவதாகத் தெரியவில்லை என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அக்டோபர் 12-க்குள் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஆறு மாதத்தில் அமைந்திருக்க வேண்டிய கவுன்சில்களுக்காக மூன்று ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் கெடு வைக்க வேண்டிய நிலை.

தாமதத்தின் விலையைக் கொடுப்பது அரசு அல்ல, இப்போது கோர்ஸில் சேருகிற மாணவர். எப்படி என்று பார்ப்போம்.

ஓராண்டு சான்றிதழ் போதுமா?

சட்டப்படி துணை சுகாதாரப் பணியாளர் என்று சொல்ல, 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு முடித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குப் பல வாசல்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி இருக்கிறது. 3 ஆண்டு வகுப்பு, அதன் பின் ஓராண்டு இன்டர்ன்ஷிப். அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஈசிஜி/டிரெட்மில் டெக்னீஷியன், கேத் லேப் டெக்னீஷியன் போன்ற ஓராண்டு சான்றிதழ் படிப்புகளும் பல காலமாக நடந்துவருகின்றன. கட்டணம் குறைவு, வேலை சீக்கிரம் கிடைக்கும். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவர் இதைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் 2 ஆண்டு என்ற வரையறைக்குள் ஓராண்டு படிப்பு அடங்காது. சட்டம் வரும் முன்பே வேலையில் இருந்தவர்களைப் பதிவேட்டில் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. இனிமேல் சேருகிறவர் அந்தச் சலுகையை நம்பிக் கட்டணம் கட்ட முடியாது.

திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் தரும் சான்றிதழும் அப்படித்தான். வேலை கற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி, சரி. பதிவு எண் ஆகாது. அஞ்சல்வழிப் படிப்பு என்றால் பேச்சே வேண்டாம். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்தே யுஜிசி நிறுத்திவிட்டது. விளம்பரங்கள் நின்றனவா என்பது தனிக் கதை!

வளைகுடாவுக்குப் போனால்?

பதிவேடு இல்லாத குறை பலருக்கு உறைப்பது இங்கேதான். துபாயோ சவுதியோ போக விரும்பும் டெக்னாலஜிஸ்ட், அங்குள்ள சுகாதார அதிகார அமைப்பின் தேர்வை எழுத வேண்டும். அதோடு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு. அதில் பட்டம், மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்று எல்லாவற்றையும் வழங்கிய இடத்திலேயே நேரடியாக விசாரிப்பார்கள். தமிழக நர்ஸ் கவுன்சில் பதிவைக் காட்டிவிடுவார். கேத் லேப் டெக்னாலஜிஸ்ட் கையில் கல்லூரியும் மருத்துவமனையும் கொடுத்த கடிதங்கள்தான் இருக்கும். அந்த மருத்துவமனை கைமாறி, எச்.ஆர். அலுவலகம் மெயிலுக்குப் பதில் போடாவிட்டால், ஐந்து வருட உழைப்பும் சரிபார்க்க முடியாததாகிவிடும்.

அமெரிக்காவில் கதை வேறு. பெரும்பாலான மாநிலங்களில் இந்த வேலைக்கு அரசு லைசென்ஸ் கிடையாது. சிசிஐ என்ற தனியார் அமைப்பு தேர்வு வைத்து, கேத் லேபுக்கு ஆர்சிஐஎஸ், எக்கோவுக்கு ஆர்சிஎஸ் என்று சான்று தருகிறது. மருத்துவமனைகள் அதைக் கேட்பதால் அதற்கு மதிப்பு. தொடர்கல்வி காட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியாவில் ஆர்சிஐஎஸ் வைத்திருந்தால் ரெஸ்யூமே கொஞ்சம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதை இங்குள்ள கவுன்சில் பதிவுக்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது.

உங்கள் தம்பியோ தங்கையோ இந்தப் படிப்பில் சேரப் போகிறார் என்றால், கல்லூரியில் பிளேஸ்மென்ட் விகிதத்தைக் கேட்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் கேத் லேபில் எத்தனை, பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர், ஒவ்வொரு மருத்துவமனையை விட்டு வரும்போதும் அனுபவச் சான்றில் பதவிப் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. 'டெக்னீஷியன்' என்று ஒரு கடிதத்திலும் 'டெக்னாலஜிஸ்ட்' என்று இன்னொன்றிலும் இருந்தால், திருத்தி வாங்க வேண்டிய நேரம் ரிலீவிங் நாளுக்கு முன்புதான். அதற்குப் பிறகு அந்த எச்.ஆர். உங்கள் போனை எடுப்பது சந்தேகம்.