பந்தியில் ஓர் இடம்

தாவீதும் யோனத்தானும் கொண்டிருந்த சிநேகத்தைப் பற்றி ஒரு முறையேனும் பேசாத பிரசங்கி அரியர். ஆயினும், பெரும்பாலோர் யோனத்தான் கில்போவா மலையில் வீழ்ந்ததோடும், தாவீது அவனுக்காகப் புலம்பியதோடும் கதையை முடித்துவிடுகின்றனர். சாமுவேலின் இரண்டாம் நூலோ அங்கே முடிவதில்லை. அரசனான பின், நண்பனின் வம்சத்தில் எவரேனும் எஞ்சியுள்ளனரா என்று தேடி விசாரித்த தாவீது, இரு கால்களும் முடமாகிப் பிறர் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்த யோனத்தானின் மகன் மெபிபொசேத்துவை அழைப்பித்து, அவனுடைய பாட்டன் சவுலின் நிலங்களை அவனுக்கே திருப்பிக் கொடுத்து, நித்தமும் தன் பந்தியில் அவனை இருத்தினான். சிநேகத்தின் உண்மையான பரீட்சை கண்ணீரில் அன்று, நிலத்திலும் பந்தியிலுமே உள்ளது என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் கதை வேதாகமத்தில் வேறொன்று உண்டோ, நான் அறியேன்.

நெடுங்கேணியில் இருந்துகொண்டு இக்கதையை வாசிக்கும்போது, வேறொரு டேவிட் என் நினைவுக்கு வருகிறார். மலையகத்துப் பட்டினியும் 1977 ஆகஸ்ட் மாத வன்செயலும் விரட்ட, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைக் காந்தீயம் என்ற அமைப்பின் வாயிலாகக் குடியமர்த்தி, அவர்களுடைய குழந்தைகளுக்குப் பாலர் பாடசாலைகளையும் அமைத்துக் கொடுத்தவர்கள், கட்டடக் கலைஞரான எஸ். ஏ. டேவிட் அவர்களும் வவுனியா வைத்தியர் இராஜசுந்தரம் அவர்களும் ஆவர். நெடுங்கேணிக்கு அப்பால் மணலாற்றுப் பக்கத்தில் இருந்த கென்ற், டொலர் பண்ணைகளும் அக்காலத்தில் இத்தகைய அகதிகளுக்குப் புகலிடமாயின.

1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். ஜூலை 25ஆம் திகதி, அவர்கள் அடைக்கப்பட்டிருந்த வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரு நாள் கழித்து, கத்தோலிக்கக் குருக்களும் ஒரு மெதடிஸ்த போதகரும் தம்மோடு அடைக்கப்பட்டிருந்த பகுதியைக் கொலைகாரர் சூழ்ந்தபோது, பேசித் தணிக்கலாம் என்ற நம்பிக்கையோடு கதவண்டை சென்ற இராஜசுந்தரம் வெளியே இழுக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அன்று மாண்டோர் 18 பேர். தமக்குப் பின்னால் நின்ற தோழர்களுக்காக முதலில் முன்னே சென்றவர் அவர். உயிர் தப்பிய டேவிட், மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, அங்கு நிகழ்ந்த சிறையுடைப்பின் பின் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து, முதுமையில் தாயகம் திரும்பி, 2015 அக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

பண்ணைகளில் குடியேறிய மக்கள் 1984இல் அங்கிருந்து துரத்தப்பட்டனர். அவர்களுடைய இடத்தில் குடியமர்த்தப்பட்ட சிங்களக் கைதிகளும் குடும்பத்தினரும் அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அம்மண் இரு சாராரின் இரத்தத்தையும் குடித்தது என்பதை மறைத்துப் பேசும் எவனும் கிறிஸ்தவனாகப் பேசுகிறவன் அல்லன்.

இன்று என் வினா இதுவே: இராஜசுந்தரம் விட்டுச் சென்ற மெபிபொசேத்துகள் எங்கே? அவர் நேசித்த அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் அயலில்தான் இருக்கின்றனர். வன்னியின் வயல்களில் கூலிக்கு உழைக்கின்றனர். யுத்தத்தின் ஒவ்வோர் இடப்பெயர்விலும் நம்மோடு நடந்தனர். ஆயினும், பத்தாண்டுகள் பல குடியிருந்த காணிக்கு உத்தரவுப் பத்திரம் இன்றி அவர்களுள் பலர் இன்னமும் தவிக்கின்றனர். "தோட்டக்காட்டார்" என்ற இழிசொல்லோ நம் நாவிலிருந்து இன்னும் முற்றாக நீங்கவில்லை. பதுங்குகுழியில் நம் பக்கத்தில் இருந்தவனைக் கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருத்தத் தயங்குகிறவன், ஆபத்துக் காலத்துச் சிநேகத்தைப் பற்றி ஆலயத்தில் சாட்சி சொல்வதில் என்ன அர்த்தம்?

துன்பகாலம் கடந்த பின்னரே சிநேகத்தின் கடன் தொடங்குகிறது. பிரதேச செயலகத்துக்குக் காணி விண்ணப்பத்தோடு செல்லும் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு முதியவருடன் துணைக்குச் செல்ல, நம் சபைகள் ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் இருவரை அனுப்பட்டும். திரும்பி வரும் வழியில், அவ்விருவரும் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தம்மோடு இருத்திச் சாப்பிடச் செய்யட்டும்.