வேலிக்கு வெளியே ஓர் இடம்

கோல்ஃப் பந்து, ஆடக்கூடாத இடத்துக்குள் போய் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதற்கென்றே அந்த விளையாட்டின் விதிப்புத்தகத்தில் 16.1எஃப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. கைத்தறி பெட்ஷீட்டுக்கும் முருகன் கோயிலுக்கும் பேர்போன சென்னிமலையில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம், எங்கள் ஈரோடு மாவட்டத்தில் உள்ள இரண்டு காப்பிடங்கள். ஒன்று வெள்ளோடு, இன்னொன்று பர்கூர் மலை.

விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் அக்கா மகன். கோவையில் பம்ப்செட் கம்பெனியில் வேலை, ஞாயிறானால் செட்டிபாளையத்தில் கோல்ஃப். ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டுத் தக்காளி நாற்றங்காலைச் சுற்றி நாலு குச்சி ஊன்றினான். "இதுதான் நோ ப்ளே ஸோன்னு வச்சுக்கோங்க மாமா. பந்து உள்ள போயிருச்சு. நான் உள்ள நின்னு அடிச்சா ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டிங்க."

பந்தைக் கையில் எடுத்தான். குச்சிகளுக்கு வெளியே, நாற்றங்காலில் கால் படாமல் நின்று மட்டையை வீச முடிகிற மிகக் கிட்டத்து இடத்தைத் தேடினான். குழி இருக்கும் திசையில் ஓரடிகூட முன்னால் போகவில்லை. மட்டையைத் தரையில் கிடத்தி அந்த நீளத்துக்கு எல்லை குறித்தான். பிறகு குனிந்து, முழங்கால் உயரத்தில் பந்தைப் பிடித்து விட்டான். 2019-க்கு முன்பு தோள் உயரத்திலிருந்து விட வேண்டும் என்று இருந்ததாம். பந்து உருண்டு நின்றது.

"இதுக்கு என்ன பெனால்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. குச்சி நட்டது அவங்க. நாம சும்மா வெளிய வர்றோம், அவ்வளவுதான்."

கோல்ஃப் விதிகளை வகுக்கிறவை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலிருந்து இயங்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும். பறவைகளும் விலங்குகளும் வாழும் இடம், இளங்கன்றுகள் நட்ட நிலம், பழைமையான சின்னங்கள், ஆடுகிறவருக்கே ஆபத்தான பகுதி என்று எதைக் காக்க வேண்டுமானாலும் போட்டிக் குழு அதைத் தடைசெய்த இடமாக அறிவிக்கலாம். பச்சைத் தலை வைத்த முளைகளைப் பல மைதானங்களில் பார்க்கலாம். பந்து வெளியே கிடந்தாலும், அடிக்க நிற்கும் கால் உள்ளே போகிறதென்றால் அங்கிருந்து அடிக்கக் கூடாது. ஆளே உள்ளே நுழையக் கூடாது என்றும் குழு சொல்லலாம்.

குளம், ஓடை போன்ற தண்டனைப் பகுதிக்குள் அப்படி ஓரிடம் இருந்து, பந்து அதற்குள் போனால் கணக்கு வேறு. தண்ணீர்ப் பக்கம் அடித்ததற்கு ஒரு ஸ்ட்ரோக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் பந்து தடைக்கு வெளியே, குளத்தங்கரையிலேயே கிடந்து, குச்சிகள் மட்டும் காலுக்கோ மட்டைக்கோ குறுக்கே வந்தால், அந்தப் பகுதிக்குள்ளேயே இலவசமாகத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். உன் அடி தப்பியதற்கு நீ கொடு, நாங்கள் நட்ட குச்சிக்கு நீ கொடுக்க வேண்டாம். இவ்வளவு நுணுக்கமாக யாரோ உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இது இன்றைக்கு வந்த எண்ணமும் இல்லை. 1744-ல் எடின்பரோவை அடுத்த லீத்தில் எழுதப்பட்ட முதல் கோல்ஃப் விதிகள் மொத்தம் 13. தண்ணீரில் விழுந்த பந்தை எடுத்தால் எதிராளிக்கு ஒரு அடி தர வேண்டும் என்று அதில் உண்டு. கடைசி விதி, மைதானத்தைக் காப்பதற்காக வெட்டிய அகழியும் வாய்க்காலும் ஆட்டக்காரனுக்கு இடையூறாகக் கணக்கில் வராது, பந்தை எடுத்து வைத்து ஆடலாம் என்கிறது. காவலுக்காகச் செய்த ஏற்பாட்டின் செலவு தனியாள் தலையில் விழக் கூடாது என்பது அப்போதே அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

வெள்ளோட்டுக்கு வருகிறேன். சென்னிமலையிலிருந்து ஈரோடு போகிற வழியில் இருக்கிறது அந்த ஏரி. சுமார் 77 ஹெக்டேர் பறவைகள் சரணாலயம். 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் குச்சி சேர்த்துக் கூடு கட்டியிருக்கும். அவ்வளவு பெரிய உடம்பு அந்த முள்ளுக் கிளையில் வந்து இறங்கும்போது மரமே ஒருமுறை தாழ்ந்து எழும். வலசைப் பறவைகள் வரத் தொடங்குகிற நேரமும் தீபாவளியும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. அதனால் சுற்றியுள்ள கிராமங்களில் பல ஆண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். சரணாலயத்தின் எல்லை ஏரிக்கரையோடு முடிகிறது. அதற்கு வெளியே தங்கள் வாசல் வரைக்கும் ஒரு எல்லையை அந்த மக்கள் தாங்களாகவே நீட்டியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரனாக எனக்கு அதில் பெருமை உண்டு.

ஆனால் அங்கே விட்டுக்கொடுத்தது பண்டிகை நாள் சத்தம். பர்கூரில் கேட்பது பிழைப்பையே.

அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலையில், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு ஒரு மாட்டினம் இருக்கிறது. வீட்டுத் தொழுவத்தில் கட்டிப்போட்டு வளர்க்கிற மாடல்ல. காட்டுக்குள் பட்டி போட்டு, அங்கேயே மேய்ந்து வளர்ந்த இனம். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2024 ஜனவரியில் அந்த மலைக்காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆயின. பரப்பு சுமார் 80 ஆயிரம் ஹெக்டேர். நேற்று வரை மேய்ந்த இடம் ஓர் அறிவிப்பில் தடை வட்டத்துக்குள் போய்விட்டது. மலை மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

யானையும் புலியும் நடமாடுகிற அந்தக் காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் மாற்றுக் கருத்து இல்லை. சத்தியமங்கலத்துக்கும் காவிரிப் பக்கத்துக் காடுகளுக்கும் நடுவே அது ஒரு தொடுப்பு, அறுந்தால் ஒட்டாது. சரணாலயம் வந்தது நல்லதுதான். என் கேள்வி, குச்சி நட்டவர்கள் மாட்டுக்காரரைப் பார்த்து "நீங்கள் இனி நிற்க வேண்டிய இடம் இது" என்று எதைக் காட்டினார்கள் என்பது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகச் சொல்கிறது. சட்டம் காகிதத்தில் இருப்பதால் மாட்டுக்குப் புல் கிடைத்துவிடாது.

கோல்ஃபில் ஓய்வுநாள் ஆட்டக்காரனுக்குக்கூட, தடையைச் சொல்லும் அதே பிரிவில் மாற்று இடமும் சொல்லப்படுகிறது. அது எவ்வளவு கிட்டத்தில், எத்தனை மட்டை நீளத்துக்குள் என்றுகூட எழுதியிருக்கிறது. முன்னை விட லாபமும் அவனுக்கு இல்லை. குழிக்கு நெருங்க விடமாட்டார்கள். மாற்று இடம் புல்தரையாக அமையலாம், சரளைக்கல்லாகவும் அமையலாம், அது அவன் பாடு. என்றாலும் தடை செய்தவர்கள் அவனை அம்போ என்று விடவில்லை.

பர்கூரில் முதல் வேலையாகப் பட்டி போட்டுவந்த இடங்களை மாட்டுக்காரர்களையே கூட்டிப்போய்க் குறிக்க வேண்டும். தண்ணீர் எங்கே, எந்த மாதத்தில் எந்தச் சரிவு என்பது அவர்களுக்குத் தெரியும். எது விலங்குகளுக்கு மட்டும், எங்கே மேயலாம், மாற்று நிலம் எத்தனை தூரத்தில் என்று வனத்துறை வரைபடம் போட்டு, கிராம சபை முன்னால் விரித்துவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இது அடுத்த மழைக்காலத்துப் புல் முளைப்பதற்குள் நடக்க வேண்டும். பட்டியை விற்றுவிட்டு மலையிறங்கியவர் பிறகு மாட்டோடு திரும்பி ஏறுவது நடக்காத காரியம்.