வேனுக்கு எஃப்.சி. உண்டு, டிரைவருக்கு?

பென்னலூர் பக்கம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரோட்டோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பெங்களூர் நெடுஞ்சாலையில் வெள்ளை வேனும் கம்பெனி பஸ்ஸும் வரிசை கட்டிப் போகும். இருங்காட்டுக்கோட்டைக்கு ஒன்று, சுங்குவார்சத்திரத்துக்கு ஒன்று, ஒரகடத்துக்கு ஒன்று. உள்ளே முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூங்கக் கூடாத ஒரே ஆள் டிரைவர். அந்த ஒரு ஆளைப் பற்றித்தான் இந்தப் புலம்பல்.

அந்த டிரைவருக்குப் போன மாதம் லேசாக ஒரு ஸ்ட்ரோக் வந்து போயிருந்தால், அது யாருக்குத் தெரியும்? வீட்டுக்குத் தெரியும். பார்த்த டாக்டருக்குத் தெரியும். அவ்வளவுதான். கம்பெனிக்குத் தெரியாது, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரியாது, பின் சீட்டில் தூங்குகிறவர்களுக்குச் சத்தியமாகத் தெரியாது.

வேனை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வண்டி என்றால் எஃப்.சி. வேண்டும். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு வருடா வருடம். பிரேக், லைட், புகை எல்லாம் பார்ப்பார்கள். டிரைவரின் லைசென்ஸ்? அது முன்பு 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதாக இருந்தது. 2019 திருத்தத்தில் 5 வருடமாக நீட்டிவிட்டார்கள். வண்டி தேய்கிறது என்று அரசாங்கம் நம்புகிறது, மனுஷன் தேய்வதில்லை என்றும் நம்புகிறது. (பி.காம். பசங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேனுக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதுகிறோம், டிரைவருக்கு எந்தக் கணக்கில் எழுதுவது?)

இத்தனைக்கும் ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே ஒரு மத்திய அரசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் விற்பனைக்கு விடுமுன் வண்டியை அங்கே கொண்டுவந்து பரீட்சை வைக்கிறார்கள். அதே சாலையில் அந்த வண்டியை ஓட்டப்போகிற கை, கண், மூளைக்கு மட்டும் பரீட்சை கிடையாது.

"ஏன், மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் படிவம் 1 என்று ஒரு உறுதிமொழித் தாள். வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா, 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரியுமா, சிவப்பு பச்சை தெரியுமா, கை காலில் பலக்குறைவு உண்டா என்று அதில் கேட்பார்கள். பதில் எழுதுவது நீங்களேதான். படிவம் 1ஏ என்றால் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், கேள்விகள் கிட்டத்தட்ட அதே ரகம்தான். ஸ்ட்ரோக் என்ற வார்த்தையே கிடையாது.

ஸ்ட்ரோக் என்றால் நம் ஊரில் கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணிப்போவது, இவ்வளவுதான் கணக்கு. கை சரியாகிவிட்டால் ஆள் சரியாகிவிட்டார். ஆனால் ஓட்டுகிறவருக்கு ஆபத்து கையில் இல்லை. மூளையின் பின்பக்கம் அடிபட்டால் பார்வையில் பாதிப் பக்கம் போய்விடும், அது போனதே சிலருக்குத் தெரியாது. 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டை அவர் டக்கென்று படித்துவிடுவார், ஏனென்றால் அது நேர் எதிரே இருக்கிறது. வேறு சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. நம் சாலையில் இடது பக்கம் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள், சந்தில் புகுந்து வருகிற டூவீலர், சைக்கிளில் பால் கேன். இதெல்லாம் போக, முடிவெடுக்க ஆகிற நேரம் கூடும், சீக்கிரமே அசதி தட்டும், சிலருக்குப் பின்னாளில் வலிப்பும் வரலாம். இவற்றில் எதுவும் ஆளை நடக்கவிட்டுப் பார்த்தால் தெரியாது.

மினி ஸ்ட்ரோக் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். பத்து நிமிடம் நாக்கு குழறும், கை மரத்துப் போகும், பிறகு எல்லாம் பழையபடி. "ஒரு டீ குடிச்சேன், சரியாப் போச்சு" என்று அடுத்த டிரிப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். முழு ஸ்ட்ரோக் வருகிற ஆபத்து மிக அதிகமாக இருப்பது அடுத்த சில நாட்களில்தான் என்பதை டீக்கடையில் யார் சொல்வது?

பிரிட்டனில் ஸ்ட்ரோக்கோ மினி ஸ்ட்ரோக்கோ வந்தால் கார்க்காரர் ஒரு மாதம் வண்டியைத் தொடக் கூடாது. பஸ், லாரி என்றால் ஒரு வருடம். ஆஸ்திரேலியாவில் சொந்தக் கார் ஓட்டுகிறவருக்கு ஸ்ட்ரோக் என்றால் 4 வாரம், மினி ஸ்ட்ரோக் என்றால் 2 வாரம். தொழில்முறை டிரைவருக்கு முறையே 3 மாதம், 4 வாரம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்படி ஒரு நாள் கணக்கே இல்லை. பிரிவு 16-ன்படி ஆர்.டி.ஓ. நினைத்தால் நோயைக் காரணம் காட்டி லைசென்சை ரத்து செய்யலாம், மருத்துவச் சான்று கேட்கலாம். நினைக்க வேண்டுமென்றால் முதலில் தெரிய வேண்டுமே? டாக்டர் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. உடல் தகுதியில்லாமல் ஓட்டினால் பிரிவு 186-ன் கீழ் முதல் தடவை 1,000 ரூபாய் வரை அபராதம். அதாவது பிடிபட்டால்.

இதைப் படித்துவிட்டு "அப்படின்னா ஸ்ட்ரோக் வந்தவன் ஓட்டவே கூடாதா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அப்படிச் சொல்கிற வீடுகள்தான் இன்னொரு பக்கக் கொடுமை. சாவியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "உனக்கெதுக்குப்பா இனிமே வண்டி" என்று மகன் தீர்ப்பு சொல்லிவிடுவான். எந்தச் சோதனையை வைத்துச் சொன்னான்? ஒன்றும் இல்லை, பயம். நன்றாகத் தேறி, பார்வையும் கவனமும் சரியாக இருந்து, இடது கால் மட்டும் பலவீனமாக இருப்பவர் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டலாம். மாற்றியமைத்த வண்டிக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஓட்டக் கூடாதவர் பேட்டாவுக்காக ஓட்டுகிறார், ஓட்டக் கூடியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சோதித்துச் சொல்ல ஆள் இல்லை.

ஆனால் விதி மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பதும் பேத்தல். 2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் மயங்கியதில் நடைபாதையில் போன 6 பேர் செத்தார்கள். ஸ்ட்ரோக் இல்லை, வேறு வகை மயக்கம். அதே டிரைவர் 2010-ல் பஸ் ஸ்டியரிங்கிலும் மயங்கியிருக்கிறார். அதை டாக்டர்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்று 2015 விசாரணையில் வந்தது. அவ்வளவு கட்டுப்பாடுள்ள நாட்டிலேயே மறைக்கிறார்கள். வேன் டியூ கட்ட வேண்டிய நம் ஊர்க்காரர் மறைக்காமல் என்ன செய்வார்? ஒரு மாதம் ஆக்டிங் டிரைவர் போட்டால் கையில் நிற்கிற காசு அவருக்குப் போய்விடும். இரண்டு மாதம் வண்டி வரவில்லை என்றால் கான்ட்ராக்டர் வேறு வண்டி பார்த்துவிடுவார்.

அரசு பஸ் டிரைவர் இந்த இடத்தில் கொஞ்சம் கொடுத்து வைத்தவர். ராஜஸ்தான் அரசு பஸ் ஓட்டுநர்களைக் கண்பார்வை குறைந்தது என்று வீட்டுக்கு அனுப்பியபோது, மாற்று வேலை கொடு, இல்லையென்றால் ஈடு கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-ல் நிறக்குருடு என்று ஒதுக்கப்பட்ட தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் துணை நின்றது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம், பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது. அரசு நிறுவனம்! கம்பெனி வேனுக்கு அது பொருந்தாது. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி வருடத்துக்கு 91 நாள் 70 சதவீதக் கூலி, ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு நீட்டித்த உதவி 80 சதவீதம் என்று நல்ல ஏற்பாடு இருக்கிறது. சொந்த வேனைத் தானே ஓட்டுகிறவர் யாருக்கும் தொழிலாளி இல்லையே, அவருக்கு எங்கிருந்து ஈ.எஸ்.ஐ.?

ஆகவே கேட்க வேண்டியது இரண்டையும் சேர்த்து. சட்டத்தில் நாள் கணக்கு வேண்டும், அந்த நாட்களுக்குக் கூலியும் வேண்டும். கூலி இல்லாத தடை, பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்கும் தடை. சோதனைக்குப் புதுக் கட்டிடம் எதுவும் வேண்டாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பார்வைப் பரப்பைப் பார்த்து, கவனத்தைப் பார்த்து, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டவிட்டுப் பார்த்து, அதன்பிறகு ஆர்.டி.ஓ. கையெழுத்துப் போடட்டும்.

சட்டத் திருத்தத்துக்கு டெல்லி போக வேண்டும், சரி. தொழிற்சாலைகள் எதற்குக் காத்திருக்க வேண்டும்? வேன் ஒப்பந்தத்தில் ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் நகல் கேட்கத் தெரிகிறது. ஸ்ட்ரோக் வந்த டிரைவர் ஓய்வில் இருக்கும் வாரங்களுக்குப் பேட்டா உண்டு, தேறி வந்தால் ஒப்பந்தம் அவருக்கே என்று அதே தாளில் இன்னும் ஒரு வரி அடிக்க எவ்வளவு மை செலவாகும்?