பிறர் துயர் சுமப்போரின் துயர்

பிறர் துயரைத் துடைப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர்களுக்கும் துயர் உண்டென்பதை நமது ஜனங்களும் ஸர்க்காரும் எளிதில் மறந்துவிடுகின்றனர். கணவனால் அடியுண்ட ஸ்திரீயின் கதையைக் கேட்பவள், எடை குறைந்து வாடும் சிசுவை மாதந்தோறும் நிறுத்துப் பார்ப்பவள், நள்ளிரவில் பிரஸவ வேதனையிலிருப்பவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்பவள் ஆகிய இவர்களெல்லாம் தாம் கண்டவற்றை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு வீடு புகுவதில்லை. அவை அவர்களோடு உள்ளே வருகின்றன, அவர்களுடன் உண்ணுகின்றன, அவர்களுடைய நித்திரையையும் பங்கு கேட்கின்றன.

இதை மனத்தின் பலவீனமென்று சொல்லித் தள்ளிவிடுவது சிலருக்கு வழக்கம். அது பிசகு. 1974-ஆம் வருஷத்தில் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், நியூயார்க் நகரத்து இலவச வைத்தியசாலையொன்றில் உழைத்த தொண்டர்களைக் கண்டு, இந்நிலைக்கு எரிந்து தீர்தல் என்று பொருள்படும் பெயரை இட்டார். எரிந்து தீர்ந்தவர்கள் சோம்பேறிகளல்லர். மிகுந்த ஆர்வத்துடன் வேலைக்கு வந்தவர்களே. 2019-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் தனது நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதற்கு இலக்கணம் வகுத்தது. சக்தி வற்றிப்போதல், வேலையில் மனம் ஒட்டாது வெறுப்படைதல், செய்யும் காரியத்தில் திறமை குன்றுதல் என்னும் மூன்றும் அதன் அடையாளங்கள். இதனை நோயென்று கூறாமல், சரிவரச் சமாளிக்கப்படாத தொழில் நெருக்கடியின் விளைவென்றே அந்த ஸ்தாபனம் வகைப்படுத்தியிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

விளைவு தொழிலினுடையதாயின், பொறுப்பு யாருடையது? யந்திரத்தில் கையிழந்த தொழிலாளிக்கு எஜமானன் ஈடு செய்ய வேண்டுமென்ற நியாயத்தை இந்நாட்டில் 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டது. கையின் எலும்பு போதிய உறுதியுடன் இல்லையென்று அன்று எவரும் வாதிக்கவில்லை. மனம் முறியும்போது மட்டும் முறிந்தவரையே குற்றவாளியாக்குவது எந்த நியாயம்?

நமது தேசத்தில் இக்கேள்விக்கு விடை சொல்லாதிருக்க ஓர் உபாயம் கையாளப்பட்டு வருகிறது. அவர்களை ஊழியர் என்னாது தொண்டர் என்று அழைப்பதே அவ்வுபாயம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடி ஊழியர்களும், 2005-ஆம் வருஷத்துக் கிராம சுகாதார இயக்கத்தில் ஆஷா ஊழியர்களும் இவ்விதமே அமர்த்தப்பட்டனர். அவர்கள் பெறுவது ஸம்பளமன்று, மதிப்பூதியமாம், ஊக்கத்தொகையாம். 2018 அக்டோபரில் மத்திய ஸர்க்கார் உயர்த்தி நிர்ணயித்த பிறகும் அங்கன்வாடி ஊழியரின் மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய்தான். மாகாண ஸர்க்கார்கள் சேர்ப்பது வேறு. ஆஷா ஊழியருக்கோ பெரும்பாலும் காரியத்துக்கு இவ்வளவென்று கணக்கு. தடுப்பூசிக்குத் தொகையுண்டு, சிசுவை இழந்த தாயின் அருகில் அமர்ந்து கழித்த பகற்பொழுதுக்குத் தொகையில்லை. மனத்தை மிகவும் வாட்டும் வேலை எதுவோ, அதுவே கணக்குப் புஸ்தகத்தில் இடம் பெறாத வேலையாகிவிடுகிறது.

அங்கன்வாடி ஊழியர்கள் சிவில் பதவி வகிப்பவரல்லரென்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் அதே கோர்ட்டு, அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்களென்று மணிபென் வழக்கில் தீர்ப்புக் கூறியது. மறுமாதமே உலக சுகாதார ஸ்தாபனம் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்ட நமது ஆஷா ஊழியர்களுக்கு விருதளித்துப் பாராட்டிற்று. ஆனால் 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷா ஊழியர்கள் கூலி உயர்வு கோரித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் வெயிலில் அமர நேர்ந்தது. விருது வயிற்றை நிரப்பவில்லை.

தொண்டரென்ற சொல் எத்தகைய கொடுமைக்கும் இடங்கொடுக்கும் என்பதற்கு ராஜஸ்தானத்துப் பன்வாரி தேவி அம்மையாரின் சரித்திரமே சாக்ஷி. ஸ்திரீகள் அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் கிராம ஊழியராயிருந்த அவர், ஒரு குழந்தை விவாகத்தைத் தடுக்க முயன்றார். அதன் பொருட்டு 1992-ல் பலாத்காரத்துக்கு உட்படுத்தப்பட்டார். 1995-ல் விசாரணைக் கோர்ட்டு எதிரிகளை அக்குற்றத்தினின்றும் விடுவித்தது. அக்கொடுமையை முன்னிட்டுத் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதிகளே, 2013-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு அடிகோலின. ஆபீஸ்களிலிருக்கும் மாதர்கள் இன்று அனுபவிக்கும் பாதுகாப்பு ஒரு கிராமத் தொண்டரின் துன்பத்தில் விளைந்தது. இரவில் தனிவழி நடக்கும் கிராமத் தொண்டருக்கு அப்பாதுகாப்பு எவ்வளவு எட்டியிருக்கிறது?

"தொண்டுக்குக் கூலி பேசலாமா? மனத்திருப்தியே பலனன்றோ?" என்று சிலர் வினவுவர். தானே விரும்பித் தன் ஓய்வு நேரத்தைக் கொடுப்பவனுக்கு அது பொருந்தும். கணக்குக் கேட்டு, பதிவேடு நிரப்பச் செய்து, கைப்பேசியில் நாள்தோறும் விவரம் அனுப்பச் சொல்லி, வாக்காளர் பட்டியல் வேலையையும் தலையில் ஏற்றிவிட்டுத் தொண்டென்பது நியாயமன்று. கட்டளையிடும் உரிமை யாரிடமுண்டோ, காப்பாற்றும் கடமையும் அவரிடமே உண்டு.

செய்ய வேண்டுவன அரியவையல்ல. ஒருவர் பார்க்கத்தக்க குடும்பங்களின் தொகைக்கு வரம்பு வேண்டும். அவ்வரம்பு ஏட்டிலின்றி நடைமுறையில் இருக்க வேண்டும். ஊதியம் மாதந் தவறாது வர வேண்டும். இரவு அழைப்புக்குத் துணையும் வாகனமும் வேண்டும். மேற்பார்வையாளர் பதிவேட்டைச் சோதிப்பதோடு நில்லாது, ஊழியர் கண்டதையும் கேட்டதையும் மனம்விட்டுச் சொல்ல வாரத்தில் ஒரு நாழிகையேனும் ஒதுக்க வேண்டும். அங்கே சொன்னது அவருக்கு எதிராக எழுதப்படலாகாது. 2022 அக்டோபரில் ஸர்க்கார் தொடங்கிய 14416 என்னும் மனநல டெலிபோன் ஸேவை நல்லதே. ஆயினும் பாரத்தைக் குறைக்காது ஆறுதலை மட்டும் அனுப்புவது, சுமைகூலியின் தலைச்சுமையை இறக்காமல் அவனுக்கு விசிறி வீசுவதையே ஒக்கும்.

இதற்குப் பணமெங்கே என்று நிதி மந்திரிகள் கேட்கக்கூடும். மனம் கருகி விலகும் ஒவ்வோர் ஊழியருடனும், ஒரு கிராமம் பல வருஷங்களாக அவரிடம் வைத்த நம்பிக்கையும் விலகுகிறது. எந்த வரவுசெலவுத் திட்டத்தாலும் அதை ஒரே வருஷத்தில் வாங்கிவிட இயலாது. ஆகவே மந்திரிகள் புகழுரைகளைச் சிறிது காலம் நிறுத்திவைத்து, முதலில் இவர்களை ஊழியரென்று சட்டத்தில் எழுதுவார்களாக. அதை எழுதுமளவும் கேட்டுக்கொண்டிருப்பது, அவர்களுடைய உழைப்பால் பிழைத்த குழந்தைகளைப் பெற்ற நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.