.22 ரைஃபிளா, ஏர் ரைஃபிளா? தேனியில் சுட்டுப் பழக என்ன வேணும்?

கம்பம், போடி பக்கம் ஒரு ஹாலில் இரும்புத் தகடு தொங்கவிட்டு, .22 ரைஃபிளால் சுட்டுப் பழகலாமா?

நினைச்ச உடனே முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம். மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கணும். ரேஞ்ச் நடத்தத் தனி உரிமம் வேணும்.

ஆபத்து எங்கே? தகட்டில் பட்ட ஈயக் குண்டு சிதறி, சுட்டவர் மேலேயே தெறிக்கலாம். மூடிய அறையில் ஈயத் தூசி மூச்சில் போகும். சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தைகளையும் பாதிக்கும். காற்று சுடுபவரின் முதுகுப்பக்கமிருந்து இலக்கை நோக்கிப் போய், வெளியேறணும்.

சுலபமான வழி? 2016 ஆயுத விதிகள்படி, 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் களமிறங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். இதிலும் தகடு வேண்டாம், பேப்பர் இலக்கு போதும். பாதுகாப்புக் கண்ணாடியும், சுட்டபின் கைகழுவுவதும் கட்டாயம்.