முள் மரத்தை வெட்டலாம். உலைக்கு யார் பொறுப்பு?

முதுகுளத்தூரில் இருந்து எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் சரி, சாலையின் இருபுறமும் முள் மரம்தான். கண்மாய்க்குள்ளும் முள் மரம். புஞ்சைக் காட்டிலும் முள் மரம். நடுநடுவே மண் பூசிய குவியல்களில் இருந்து புகை எழும். அதுதான் கரிமூட்டம்.

அந்த மரத்தின் பெயர் சீமைக்கருவேலம். ஊர்க்காரர்கள் வேலிக்கருவை என்பார்கள். பிறந்த இடம் அமெரிக்கக் கண்டம். 1870-களில், வெள்ளைக்காரர் ஆட்சியில், இந்தியாவுக்கு வந்தது. மழை பொய்த்தாலும் சாகாது, தழையில் ஆடு மாடு வாய் வைக்காது, விறகுக்கு ஆகும். இந்தக் குணங்களுக்காகத்தான் அதைக் கொண்டாடினார்கள். இன்று அதே குணங்களுக்காகத் திட்டுகிறார்கள்.

2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில், இதை வேரோடு அழிக்க வேண்டும் என்று மதுரை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. வைகோ முதலியோர் தொடுத்த வழக்கு அது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. 2022-இல் தமிழக அரசு அந்நியச் செடிகளை ஒழிக்க ஒரு கொள்கையே வெளியிட்டது. உத்தரவு வந்தது, தடை வந்தது, கொள்கை வந்தது. மரம் மட்டும் தன் பாட்டுக்கு வளர்ந்து கொண்டே இருந்தது.

இதில் ஒரு தர்ம சங்கடம் இருக்கிறது. ஊருக்குக் கேடு செய்யும் மரம் ஏழை வீட்டுக்குச் சோறு போடுகிறது. அதை வெட்டு என்று சொல்ல யாருக்கு உரிமை? வெட்டிய பிறகு அந்த வீட்டு உலைக்கு யார் பொறுப்பு?

கேடு உண்மைதான்

மரம் கெட்டது என்பதில் சந்தேகம் வேண்டாம். கண்மாய்க்குள் புகுந்தால் கரை எது, மடை எது என்று தெரியாது. வரத்துக் கால்வாயை அடைத்து விடும். வேறு செடியைத் தலை தூக்க விடாது. இந்த இனத்து மரம் ஒன்றின் வேரை 1960-இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு சுரங்கத்தில், சுமார் 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். அதாவது ஏறக்குறைய 175 அடி! (எல்லா மரமும் அவ்வளவு ஆழம் போகாது. ஆனாலும் நம் கிணறுகளை நினைத்தால் பயம் வரத்தான் செய்கிறது.)

ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுக்காரர்கள் பட்ட பாடு இன்னும் வேடிக்கை. இதன் இனிப்பு நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் விழுந்து விட்டது. 2006-ஐ ஒட்டி, மரத்தைக் கொண்டு வந்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். பல் போன ஆடு ஒன்றைக் கோர்ட்டுக்கே கூட்டிப் போனார்கள்!

ஆனால் இந்த மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து மழையைத் தடுக்கிறது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது. எதிரியே ஆனாலும் செய்யாத குற்றத்தை அவன் தலையில் கட்டக் கூடாது.

கரியில் வெந்த சோறு

இராமநாதபுரம் ஜில்லாவில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அந்த மழையை நம்பி நெல்லும் குண்டு மிளகாயும் போடுவார்கள். 2023-இல் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் மிளகாய் பறித்து முடிந்தால் மீதி மாதங்களுக்கு என்ன வேலை? மழையே பெய்யாத வருஷத்தில் என்ன வேலை?

மூட்டம்தான் வேலை. மரத்தை வெட்டி, தூரைத் தோண்டி, காயப் போட்டு, கோபுரம் போல் அடுக்குவார்கள். மேலே தழை போட்டு மண் பூசுவார்கள். பிறகு தீ வைப்பார்கள். நாள் கணக்கில் உள்ளே கனன்று கொண்டிருக்கும். எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்தால் போச்சு. பட்ட பாடெல்லாம் சாம்பல். அதனால் இரவெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஆறியதும் பெண்கள் உட்கார்ந்து தூர்க்கரி தனி, குச்சிக்கரி தனி, தூள் தனி என்று பிரிப்பார்கள். மூக்கில் புகை, கையில் கரி, நெஞ்சில் இருமல். இதை யாரும் ஆசைப்பட்டுச் செய்யவில்லை.

அந்தக் கரி எங்கே போகிறது? டீக்கடைக்கும், ஓட்டலுக்கும், இஸ்திரிப் பெட்டிக்கும் போகிறது. கருவை நாட்டைக் கெடுக்கிறது என்று மேடையில் முழங்குபவரின் சட்டை மடிப்பில்கூட அந்தக் கரியின் சூடு இருக்கலாம்.

யார் கை முதலில்?

கண்மாய், ஊரணி, வரத்துக் கால்வாய் ஆகியவை பொதுச் சொத்து. அங்கே தயவு தாட்சண்யம் வேண்டாம். முதல் கோடரி அங்கேதான் விழ வேண்டும். அங்குள்ள மரத்தை ஏலம் விட்டால் பணம் வரும். அந்தப் பணம் அந்தக் கண்மாய்க்கே செலவாக வேண்டும். ஏலம் எடுத்தவர் மேல்மரத்தை மட்டும் வெட்டிக் கொண்டு தூரை விட்டுப் போகிறார் என்றால், அடுத்த மழையில் மரம் முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். அடுத்த ஏலத்துக்கும் அவரே வருவார். அவருக்கு லாபம், கண்மாய்க்கு?

சொந்தப் புஞ்சை விஷயம் வேறு. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனிடம் போய், "நீயே பிடுங்கு, இல்லாவிட்டால் செலவை உன்னிடம் வசூலிப்போம்" என்பது நியாயம் அல்ல. தூர் பறிக்கும் எந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அவன் எங்கே போவான்? மரம் ஒழிந்தால் நன்மை ஜில்லாவுக்கே என்றால், செலவிலும் ஜில்லா பங்கு கொள்ள வேண்டும்.

பிடுங்கினால் மட்டும் வேலை முடியாது. மாட்டுச் சாணத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் விதை கிடக்கும். ஒரு மழைக்கு முளைத்து விடும். இரண்டு மூன்று வருஷம் விடாமல் நாற்றைப் பறிக்க வேண்டும். இந்த வேலையை வெளியூர் கான்டிராக்டருக்குக் கொடுக்காமல், மூட்டத்தில் இருமிக் கொண்டிருக்கும் அதே பெண்களுக்குக் கூலி பேசிக் கொடுத்தால் என்ன? கருவை எப்படி முளைக்கும், எப்படிச் சாகும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

ஐப்பசி மழைக்கு முன்னால் மடை வாயையாவது முள் இல்லாமல் ஆக்க வேண்டும். அதற்குப் பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம், கலெக்டர் கையெழுத்து ஒன்று, பெண்களுக்கு நாள் கூலி. இவ்வளவுதான் வேண்டும்.